காட்டுக்கும் லீவு வேண்டும்

1975-ல் எனக்குத் திருமணமாயிற்று. மனைவியின் ஊர் ராசிபுரம் பக்கம், போதமலை கண்ணுக்குத் தெரிகிற ஒரு சிறிய கிராமம். மறுவீட்டுக்குப் போன அடுத்த நாள் காலையில் மாமனார், "காட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துரலாம், வாங்க மாப்பிள்ளை" என்றார். நான் புதுச்சேரிக்காரன். காடு என்றதும் ஷூ போட்டுக்கொண்டு, முழுக்கைச் சட்டையுடன், கையில் ஒரு தடியும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நரி, பாம்பு ஏதாவது வந்தால்? பத்து நிமிடம் நடந்ததும் ஒரு நிலக்கடலைக் கொல்லையில் நின்றோம். "இதுதானுங்க நம்ம காடு" என்றார். மச்சினர் இருவரும் என் ஷூவைப் பார்த்துச் சிரித்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

என் மேல் தப்பில்லை. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். எங்கள் பாடப்புத்தகத்தில் காட்டுக்கு ஒரு சொல், 'ஃபொரே'. விளைநிலத்துக்கு வேறு சொல், 'ஷான்'. ஒன்று முடிகிற இடத்தில்தான் மற்றது தொடங்கும். தமிழ்நாடு அரசு வேலையில் கிளார்க்காகச் சேர்ந்து, தமிழ் மொழித் தேர்வு எழுதித் தேறிய பிறகும், சேலம் பக்கத்தில் மானாவாரி நிலத்துக்கே காடு என்று பெயர் என்பது எனக்குத் தெரியவில்லை. கிணறு இருந்தால் தோட்டம், ஏரிப் பாசனம் இருந்தால் வயல், வானத்தை நம்பி இருந்தால் காடு.

அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருத்தமும் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆயிற்று. மாமனாரின் காடு உண்மையிலேயே அவ்வப்போது காடாகப் போய்த் திரும்பி வரும். இன்று எழுத வந்தது அதைப் பற்றித்தான். போன மாதம் ஊரில் நடந்த ஒரு வாக்குவாதம் இதை எழுத வைத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மாமனாருக்கு ஆறு ஏக்கர். செம்மண், கொஞ்சம் சரளை. அதை நான்கு துண்டாகப் பிரித்துக் கிளுவை வேலி போட்டிருந்தார். மூன்று துண்டில் சோளம், நிலக்கடலை, கொள்ளு, ஊடே துவரையும் ஆமணக்கும். நான்காவது துண்டில் பயிர் கிடையாது. அங்கே வெள்வேல மரங்கள், நடுநடுவே இரண்டு மூன்று வேம்பு, கீழே கொழுக்கட்டைப் புல். ஆடும் மாடும் அதில் மேயும். எட்டு, பத்து வருஷம் இப்படிப் போகும். பிறகு தை மாசியில் மரத்தை வெட்டி, ஆடி மழைக்கு அந்தத் துண்டை உழுது சோளம் விதைப்பார். அதே சமயம் வேறொரு துண்டைச் சும்மா விட்டுவிடுவார்.

எந்தத் துண்டை விடுவது என்று எப்படி முடிவு செய்வீர்கள் என்று கேட்டேன். "சோளத்துல சுடுமல்லி தலை காட்டுச்சுன்னா மண்ணு களைச்சுப் போச்சுன்னு அர்த்தமுங்க. கொஞ்ச நாளு படுத்துக் கிடக்கட்டும்" என்றார். சுடுமல்லி என்பது சோளத்தின் வேரைப் பிடித்து உறிஞ்சுகிற ஒட்டுண்ணிக் களை. தழைச்சத்து குறைந்துபோன மண்ணில்தான் அது அதிகம் தலையெடுக்கும் என்று வேளாண்மைப் புத்தகங்கள் பிற்பாடு எனக்குச் சொல்லின. மாமனார் புத்தகம் படித்தவர் அல்ல.

அந்த வேல மரங்களை யாரும் நட்டதும் இல்லை. கோடையில் மற்ற தீவனம் தீர்ந்த பிறகு வேலங்காய் உதிரும். மேச்சேரி ஆடுகள் அதைத் தின்று, ராத்திரி பட்டியில் புழுக்கை போடும். ஆட்டின் வயிற்றில் ஊறி வெளியே வந்த கொட்டை மழைக்கு முளைத்துவிடும். பட்டியை எந்தத் துண்டில் போடுகிறோமோ அங்கே எருவும் விழும், விதையும் விழும். கன்று பிடிக்கிற வரை ஒரு வருஷம் ஆட்டை உள்ளே விடாமல் வேலியை அடைத்தால் போதும்.

இதில் மண்ணுக்கு என்ன கிடைக்கிறது? எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். வெள்வேல் பயறு வகைக் குடும்பம். வேர் முடிச்சில் இருக்கிற பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். கடலைச் செடியின் வேர் எட்டாத ஆழத்தில் கிடக்கிற சாம்பல் சத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் மர வேர் உறிஞ்சி இலைக்கு ஏற்றும். இலை உதிர்ந்தால் அவை மேல்மண்ணுக்கு வரும். மரத்தின் கீழ் ஆடு மாடு படுப்பதால் சாணமும் கோமியமும் அங்கேயே சேரும். செத்த வேர்கள் மட்கிய வழியாக மழை நீர் உள்ளே இறங்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், பத்து வருஷம் கலப்பை படாமல் புல் போர்த்தியிருப்பதால் மேல்மண் மழையில் அடித்துப் போகாது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். (பள்ளியில் பிரெஞ்சில் வாய்ப்பாடு படித்ததால், இன்றும் நான் மனதுக்குள் பிரெஞ்சில்தான் கூட்டுகிறேன். விடை தமிழில் வந்துவிடும்.) ஒரு ஏக்கரில் மேலே 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 900 டன். மண்வள அட்டையில் கரிமச் சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு', 0.75 வரை 'நடுத்தரம்', அதற்கு மேல் 'அதிகம்' என்று போடுகிறார்கள். 0.3-லிருந்து 0.5-க்கு ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 900 டன்னில் 0.2 சதவீதம், அதாவது 1.8 டன் கரிமம். மட்காகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 3 டன். அது மண்ணில் நிலைத்து நிற்க வேண்டிய அளவு. நாம் கொட்டுகிற எருவில் பாதிக்கு மேல் ஈரமும் மண்ணும்தான். மீதியிலும் பெரும்பகுதி நம் ஊர் வெயிலில் ஓரிரு வருஷத்தில் காற்றோடு போய்விடும். ஆக, எத்தனை வண்டி எரு அடிக்க வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு எருவுக்கு மானாவாரிக்காரன் எங்கே போவான்? அதைத்தான் மரமும் புல்லும் ஆடும் வண்டிக்கூலி இல்லாமல் பத்து வருஷத்தில் செய்கின்றன.

இது எங்கள் மாமனார் கண்டுபிடித்த வித்தை இல்லை. காங்கேயம், மூலனூர், க.பரமத்தி பக்கம் போனால் 'கொறங்காடு' என்று காட்டுவார்கள். அதே வெள்வேல், அதே கொழுக்கட்டைப் புல், அதே கிளுவை வேலி. காங்கேயம் மாடு அந்த மேய்ச்சலில் வளர்ந்த மாடு. அங்கே மேய்ச்சல்தான் பிரதானம். எங்கள் பக்கம் மழை சற்றுக் கூடுதல் என்பதால் பயிருக்கும் மரத்துக்கும் முறை வைத்துக்கொண்டார்கள்.

கடல் கடந்தும் இதே கதை உண்டு. நான் பள்ளியில் படிக்கும்போது எங்கள் மேசையில் ஒரு கோந்துப் புட்டி இருக்கும். அதன் மேல் 'கோம் அராபிக்' என்று எழுதியிருக்கும். அரபு நாட்டுக் கோந்து என்று பொருள். அது சூடான் நாட்டில் கொர்டோஃபான் என்னும் வறண்ட பிரதேசத்தில் ஒரு வேல மரத்திலிருந்து வருகிறது என்பதைப் பிற்காலத்தில் படித்தேன். அங்கே குடியானவர்கள் நாலைந்து வருஷம் சோளம், கம்பு, எள் விதைப்பார்கள். மண் சலித்ததும் நிலத்தை விட்டுவிடுவார்கள். வேல மரம் தானாக எழும். பதினைந்து, இருபது வருஷம் அதைக் கீறிக் கோந்து எடுத்து விற்பார்கள். பிறகு வெட்டி எரித்துவிட்டு மறுபடி சோளம். நிலம் ஓய்வெடுக்கிற காலத்திலும் வீட்டுக்குக் காசு வரும்படி அமைந்திருந்ததுதான் அந்த ஏற்பாட்டின் உயிர். 1970-களிலும் 80-களிலும் வந்த பஞ்சத்தில் மரங்கள் செத்தன, ஜனத்தொகை பெருகியது, ஓய்வுக் காலம் குறுகியது, விளைச்சலும் இறங்கியது. அதைப் படித்தபோது எனக்கு ராசிபுரத்தைப் பற்றிப் படிப்பது போலவே இருந்தது.

மரம் என்று இருந்தாலே மண் தேறிவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. புதுச்சேரி, கடலூர் கடற்கரையில் சவுக்கும் நிலக்கடலையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். சவுக்கும் காற்றிலிருந்து நைட்ரஜன் பிடிக்கிற மரம்தான். ஆனால் உதிர்கிற சவுக்கு மிளாறைத் தினமும் கூட்டிப் பெருக்கி அடுப்புக்கு எடுத்துப் போவதை என் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அடியில் வெள்ளை மணல் பளபளவென்று இருக்கும். மரம் கொடுக்கிறது, துடைப்பம் எடுத்துக்கொள்கிறது. தைல மரமோ நைட்ரஜனும் பிடிப்பதில்லை. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கட்டை, பட்டை என்று மொத்தமாக லாரியில் ஏறிவிடும். நிலத்துக்கு அது ஓய்வு ஆகாது. மெடிக்கல் லீவு போட்டுவிட்டு வேறு இடத்தில் வேலை பார்க்கிற குமாஸ்தாவின் கதைதான்.

வேல மரத்துக்கும் குறை உண்டு. அடிவரப்பில் நின்றால் பக்கத்துப் பயிரின் ஈரத்தை இழுக்கும். மணிச்சத்தை அது புதிதாக உண்டாக்கித் தராது. மண்ணில் இருப்பதைத்தான் சுற்றிக் கொண்டுவரும். அங்கேதான் நம் நாமக்கல் கோழி எரு உதவும், அதில் மணிச்சத்து அதிகம். "கோழி எருதான் மலை மலையாகக் கிடக்கிறதே, மரம் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். மழை பொய்த்த வருஷம் கோழி எருவின் சூட்டில் மானாவாரிப் பயிர் காய்ந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் பெரும்பாலும் மஞ்சள் தோட்டத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது. எரு சத்தைக் கொடுக்கும். சரிவில் ஓடுகிற மண்ணை அது பிடித்து நிறுத்தாது.

இனி என் பங்குக்கு ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வருவாய்த் துறையில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டினேன். சேலம் மாவட்டம், 1997 ஜனவரி 1-ல் நாமக்கல் தனி மாவட்டமான பிறகு கொஞ்ச காலம் அங்கேயும். ஜமாபந்திக்கு அடங்கல் கணக்குகளைச் சரிபார்த்து, மொத்தம் போட்டு, பட்டியல் தயாரிப்பது என் வேலைகளில் ஒன்று. நிலப் பயன்பாட்டுக் கணக்கு எப்படி என்றால், ஒரு வருஷம் பயிர் செய்யாமல் விட்டால் அது 'நடப்புத் தரிசு'. ஒன்றுக்கு மேல் ஐந்து வருஷம் வரை விட்டால் 'இதர தரிசு'. ஐந்து வருஷத்துக்கு மேல் போனால் அது 'சாகுபடிக்கு உகந்த தரிசு' என்ற தலைப்புக்குப் போய்விடும். ஆங்கிலத்தில் அந்தத் தலைப்பில் 'வீண்' என்ற பொருள்படும் சொல்லே இருக்கிறது. மரப்பயிர்களுக்கும் தோப்புகளுக்கும் தனிக் கலம் உண்டுதான். ஆனால் நட்டு வளர்த்த தோப்பு என்றால்தான் அதில் எழுதுவார்கள். ஆட்டுப் புழுக்கையில் முளைத்த வேலங்காட்டை எந்தக் கிராமக் கணக்கிலும் தோப்பு என்று எழுதி நான் பார்த்ததில்லை.

ஆகவே மாமனாரின் நான்காவது துண்டு, ஆறாவது வருஷத்திலிருந்து சர்க்கார் கணக்கில் வீண் நிலம். அது மண் தேறுகிற வருஷம். வேர் ஆழம் போய், இலை உதிர்ந்து, வட்டி ஏறத் தொடங்குகிற வருஷம். அந்த மாதிரி எத்தனை சர்வே எண்களை நான் தரிசு என்று கூட்டி மேலே அனுப்பியிருப்பேன்! ஒருமுறைகூட, 'இது தரிசு இல்லை ஐயா, இது முறை' என்று குறிப்பு எழுதவில்லை. எழுதினாலும் யார் படித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

கணக்கில் ஒரு சொல் விழுந்தால் அது காகிதத்தோடு நிற்பதில்லை. தரிசு என்று இருந்தால் பயிர்க்கடன் கிடையாது, பயிர்க் காப்பீடு கிடையாது. தரிசு மேம்பாடு என்று வருகிற திட்டங்களில் முதல் வேலையே முட்புதர் நீக்கி உழுவதுதான். உண்மையிலேயே கேட்பாரற்றுக் கிடக்கிற நிலத்துக்கு அது நல்ல காரியம். சீமைக் கருவேல் மண்டிய இடத்தை மீட்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முள் என்றால் எல்லாம் ஒரே முள் என்று பார்க்கிற கண்ணுக்கு, வெள்வேலும் சீமைக் கருவேலும் ஒன்றாகிவிடுகின்றன.

இப்போது வாக்குவாதத்துக்கு வருகிறேன்.

மாமனார் காலமாகி வெகு காலமாகிறது. ஆறு ஏக்கரில் என் மனைவியின் பங்கு போக மீதி மச்சினருக்கு. மொத்தத்தையும் பார்த்துக்கொள்வது அவருடைய மகன். நாலு துண்டு முறை எப்போதோ நின்றுவிட்டது. மூன்று துண்டில் வருஷா வருஷம் மரவள்ளி. எங்கள் ஊர்ப் பேச்சில் குச்சிக்கிழங்கு. சேலம், நாமக்கல் சேகோ ஆலைகளுக்குப் போகிறது. மேற்குத் துண்டு மட்டும், சுமார் ஒன்றரை ஏக்கர், கவனிக்க ஆளில்லாததால் பத்துப் பன்னிரண்டு வருஷமாக வேலங்காடாகவே இருந்துவிட்டது. போன மாதம் பையன் போன் செய்தான். "மாமா, மேக்காட்டுல பொக்லைன் விட்டு வேரோட பொறட்டிரலாம்னு இருக்கேனுங்க. அதுலயும் குச்சி வெச்சுரலாம். அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க." (பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர் என்று அவனுக்குச் சொல்ல நினைத்தேன். நேரம் சரியில்லை.)

நான் பஸ் ஏறிப் போய் இறங்கினேன். அவன் மண்வள அட்டை இரண்டு வைத்திருந்தான். குச்சிக்கிழங்குத் துண்டில் கரிமச் சத்து 'குறைவு', சாம்பல் சத்தும் குறைவு. வேலங்காட்டில் கரிமச் சத்து 'நடுத்தரம்'. மணிச்சத்து இரண்டிலும் குறைவுதான். "பாத்தியா தம்பி" என்றேன். "அதனாலதானுங்க மாமா அதுல வெக்கலாங்கறேன். அங்க வெச்சா நல்லா வரும்" என்றான்.

பதில் சொல்ல முடியாத பதில் அது. சேர்த்து வைத்ததை எடுக்கத்தானே சேர்க்கிறோம்? மாமனாரும் பத்து வருஷம் கழித்து எடுக்கத்தான் செய்தார். ஆனால் அவர் ஒன்றை எடுக்கும்போது இன்னொன்றைப் போட்டு வைத்தார். இவன் எடுக்கப் போகிறான், போட எதுவும் இல்லை. மரவள்ளி சாம்பல் சத்தை அள்ளிக்கொண்டு போகிற பயிர். ஒன்பது பத்து மாதம் நிலத்தில் நின்றாலும் ஆரம்ப மாதங்களில் மண்ணை மூடாது, மழை அடித்துப் போகும். கிழங்கு பிடுங்கும்போது மொத்த மண்ணையும் புரட்ட வேண்டும். நாலாவது வருஷம் அந்தத் துண்டும் மற்ற மூன்று போல ஆகிவிடும். அப்புறம் புரட்டுவதற்கு ஐந்தாவது துண்டு கிடையாது.

அரசு ஊழியராக இருந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஈட்டிய விடுப்பு என்று ஒன்று நம் கணக்கில் சேரும். எடுக்காமல் இருந்தால் சரண்டர் செய்து காசு வாங்கலாம். நானும் ரிடையர் ஆகும்போது 240 நாள் விடுப்பைக் காசாக்கி, பெண் கல்யாணக் கடனை அடைத்தேன். சரண்டர் செய்தது தப்பில்லை, அது எனக்குச் சேர வேண்டியது. ஆனால் சரண்டர் செய்த பிறகு கணக்கில் விடுப்பு பூஜ்யம். வேலையில் இருக்கிற ஒருவன் எல்லா விடுப்பையும் சரண்டர் செய்துவிட்டு, இனி லீவே சேராது என்ற நிலையில், ஓயாமல் வேலை பார்த்தால் என்ன ஆவான்? நிலம் ரிடையர் ஆவதில்லை. அதற்கு லீவு மறுபடி மறுபடி சேர்ந்தாக வேண்டும்.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். மரியாதையான பையன். கடைசியில் ஒன்று கேட்டான்: "நீங்க சொல்றது அத்தனையும் சரிங்க மாமா. புள்ளைக்கு பீசு கட்டோணும். வேல மரம் கட்டுமாங்க?"

யோசித்துப் பார்த்தால் அவன் கேட்டது நியாயம். மாமனார் காலத்தில் வேல மரம் பீசு கட்டியது. விறகுக்கு ராசிபுரத்தில் விலை இருந்தது. ஏர்க்காலுக்கும் கொட்டகைக் காலுக்கும் மரம் வேண்டியிருந்தது. நாலு உழவு மாடும் ஐம்பது ஆடும் அந்தப் புல்லைத் தின்றன. இன்று வீட்டில் காஸ் அடுப்பு, உழவுக்கு டிராக்டர், ஆடு மேய்க்க ஆள் இல்லை. நிலத்துக்கு லீவு சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த ஆபீஸ் மூடப்பட்டுவிட்டது. முன்னோர் ஞானம், முன்னோர் ஞானம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அவர்கள் மண்ணின் மேல் உள்ள கருணையால் மட்டும் மரம் விடவில்லை. அந்த மரத்தில் வரும்படி இருந்தது. பென்ஷன் வாங்குகிற நான், பென்ஷன் இல்லாதவனிடம் போய்ப் பொறுமையைப் போதிப்பது சுலபம்.

ஆனால் அந்த ஆபீஸை மறுபடி திறக்க முடியாதா என்பதுதான் என் கேள்வி. மத்திய அரசு 2014-லேயே வேளாண் காடு வளர்ப்புக்கு என்று தேசியக் கொள்கை வெளியிட்டது. தமிழ்நாடு அரசும் பசுமைப் போர்வை இயக்கம் என்று விவசாயிகளுக்கு மரக்கன்று கொடுக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் அங்கே பேச்செல்லாம் எத்தனை கன்று நட்டோம், மரம் எவ்வளவுக்கு விற்கும் என்பது பற்றித்தான். மண்ணுக்கு முறை வைப்பது பற்றி அல்ல. நான் கேட்பது இரண்டே இரண்டு.

ஒன்று, காசு செலவில்லாதது. அடங்கலில் 'மர முறை' என்று ஒரு பதிவு வேண்டும். பயிர் செய்துவந்த பட்டா நிலத்தில் ஒரு பகுதியைப் பத்து வருஷத்துக்கு வேல், வேம்பு, புல் என்று விட்டால் அதைத் தரிசு என்று எழுதாமல் சாகுபடி முறையில் ஒரு கட்டம் என்று எழுத வேண்டும். கிராம நிர்வாக அலுவலருக்கு இதனால் ஒரு கலம் கூடும், அவ்வளவுதான்.

இரண்டாவது, கொஞ்சம் செலவுள்ளது. நிலம் வைத்திருக்கிற விவசாயக் குடும்பத்துக்கு மத்திய அரசு இப்போது ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாகக் கொடுக்கிறது. முறையில் விட்ட நிலத்துக்கு ஏக்கர் கணக்கில் அதோடு ஒரு தொகை சேர்த்துக் கொடுக்கலாம். நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். ஐரோப்பாவில் 1992-லிருந்து 2008 வரை நிலத்தில் ஒரு பங்கைப் பயிர் செய்யாமல் விடும்படி சட்டமே போட்டு, அதற்குப் பணமும் கொடுத்தார்கள். பிரெஞ்சில் அதற்கு 'ஜஷேர்' என்று பெயர். அங்கே நோக்கம் வேறு, தானியம் மிதமிஞ்சிப் போனதைக் குறைப்பது. அமெரிக்காவில் 1985 முதல், மண் அரிப்புள்ள நிலத்தைப் பத்து, பதினைந்து வருஷ ஒப்பந்தத்தில் ஓய்வாக விட வாடகை கொடுக்கிறார்கள். அங்கே நோக்கம் மண்தான். விளைச்சல் அதிகமானதைக் குறைக்கப் பணம் கொடுக்க ஒரு நாடு தயாராக இருந்தது என்றால், நாளைய விளைச்சலைக் காப்பாற்ற நாம் கொஞ்சம் கொடுக்கக் கூடாதா?

"சாப்பாட்டுக்கே நிலம் போதாத நாட்டில் நாலில் ஒரு பங்கைச் சும்மா விடலாமா?" என்று என் நண்பர் ஒருவர், அவரும் ஓய்வு பெற்றவர், கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ராசிபுரத்திலிருந்து திருச்செங்கோடு வரை பஸ்ஸில் போய்ப் பாருங்கள். பிளாட் கல் நட்டு ஒருவரும் வீடு கட்டாமல் எத்தனை காடு கிடக்கிறது! அதற்கு யாரும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதில்லை. ஆடு மேய்கிற வேலங்காட்டிடம்தான் கேட்கிறோம். அதுவும் சும்மா இருப்பதில்லை, கறியும் எருவும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

சரி, மேற்குத் துண்டு என்ன ஆயிற்று? இரண்டு நாள் பேசினோம். என் மனைவிதான் வழி சொன்னாள். ஒன்றரை ஏக்கரில் முக்கால் ஏக்கரை அவன் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பொக்லைன் வேண்டாம், தரைமட்டத்தில் அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே மட்க விட வேண்டும். துளிர்த்தால் ஆடு கடிக்கும். முதல் வருஷம் சோளமும் தட்டைப்பயறும், அப்புறம் அவன் இஷ்டம். மீதி முக்கால் ஏக்கர் நிற்கும். அதற்குப் பதிலாக, மிகவும் சலித்துப்போன கிழக்குத் துண்டில் ஒரு ஏக்கரை இந்த ஆடியிலிருந்து முறைக்கு விட வேண்டும். வரப்போரம் நாலு வரிசை மலைவேம்பு அவன் வரும்படிக்கு, நடுவே வேலும் புல்லும் மண்ணுக்கு. அந்த ஒரு ஏக்கருக்கு ஊரில் என்ன குத்தகை போகிறதோ அதை என் பென்ஷனிலிருந்து வருஷா வருஷம் அவனுக்குக் கொடுப்பதாக ஏற்றுக்கொண்டேன்.

"விளையாத காட்டுக்குக் குத்தகை குடுக்கற ஆள இப்பத்தானுங்க மாமா பாக்கறேன்" என்று சிரித்தான். பக்கத்து வீட்டு ஆடுகளைப் பட்டி போடப் பேசிவிட்டும் வந்தான்.

எனக்கு இப்போது எழுபத்தைந்துக்கு மேல். பத்து வருஷம் கழித்து அந்த ஏக்கரை உழும்போது நான் இருப்பேனா என்று தெரியாது. இல்லாவிட்டால் மீதிக் குத்தகையைக் குடும்ப பென்ஷனிலிருந்து கொடுத்துவிடும்படி மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். "எங்கப்பன் காட்டுக்கு எனக்கே நீங்க சொல்றீங்களா?" என்றாள்.

அடுத்த மாதம் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போகிறேன். அந்த ஏக்கரை அடங்கலில் எப்படி எழுதுவார் என்று கேட்க வேண்டும். 'தரிசு' என்றுதான் எழுதியாக வேண்டும் என்பார், எனக்குத் தெரியும். நான் உட்கார்ந்த நாற்காலிதானே அது. ஆனாலும் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன்.